பறக்கவிடுவதற்கு முன் கட்டக் கற்றுக்கொடுப்போம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "சார், பையன் ரிமோட்டில் பறக்கும் வானூர்தி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். எதை வாங்கிக் கொடுக்கலாம்?" பள்ளியில் மாதிரி வானூர்திக் குழுவைக் கவனித்து வருபவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. "இப்போது வாங்காதீர்கள். முதலில் கட்டச் சொல்லுங்கள்" என்பதே என் பதில்.

இதைக் கேட்டதும், சிக்கனத்திற்காகச் சொல்கிறேன் என்று சிலர் எண்ணுகின்றனர். பழைய காலத்து ஆசிரியர் பிடிவாதம் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் இல்லை. என் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். கூடவே, எங்கிருந்து தொடங்குவது, எப்படிச் செல்வது என்பதையும் சொல்கிறேன். ஏனென்றால், வழியைக் காட்டாமல் அறிவுரை மட்டும் கூறுவதால் யாருக்கும் பயனில்லை.

ஆயத்த வானூர்தியின் நிறையும் குறையும்

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று கடைகளில் கிடைக்கும் ஆயத்த வானூர்திகள் நன்றாகவே பறக்கின்றன. பெரும்பாலானவை நுரைப்பொருளால் ஆனவை. பெட்டியைத் திறந்து, இறக்கையை மாட்டி, மின்கலனை இணைத்தால் போதும். காற்று ஒரு பக்கம் தள்ளினாலும் தானாகவே சமன்செய்துகொள்ளும் கருவிகூடச் சிலவற்றில் உண்டு. ஓட்டப் பழகுவதற்கு அவை ஏற்றவைதாம். அனுபவமுள்ள ஆர்வலர்கள் பலர், "மாதக் கணக்கில் கட்டியதை முதல் நாளிலேயே தரையில் மோதி உடைப்பதைவிட, ஆயத்த வானூர்தியில் ஓட்டப் பழகிவிட்டுப் பிறகு கட்டலாமே" என்று கூறுவார்கள். அந்தக் கருத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், அது ஓட்டுநரின் பார்வை. நான் ஆசிரியரின் பார்வையிலிருந்து பேசுகிறேன். ஆயத்த வானூர்தி மரத்தில் மோதி இறக்கை முறிந்தால், பிள்ளைக்குத் தெரிவது ஒன்றுதான்: பொம்மை உடைந்துவிட்டது. இறக்கைக்குள் என்ன இருந்தது, ஏன் அந்த இடத்தில் முறிந்தது, எதைக்கொண்டு ஒட்டினால் தாங்கும் என்பது எதுவும் தெரியாது. பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிடுவான். தானே கட்டிய பிள்ளையோ முறிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான். எந்த விலா உடைந்தது என்று அவனுக்குத் தெரியும். அதன் அச்சு வரைபடத்தில் இருக்கிறது. இன்னொன்றை வெட்டிக்கொள்வான். பழுதுபார்க்கும் திறன் கட்டியவனுக்கே வாய்க்கும்.

ரைட் உடன்பிறப்புகள் பெற்ற பொம்மை

1871ஆம் ஆண்டில் அல்ஃபோன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய ரப்பரின் விசையால் இயங்கும் சிறிய மாதிரி வானூர்தி ஒன்றைப் பாரிசின் துய்லரி பூங்காவில் பறக்கவிட்டார். அது 11 வினாடி நிலையாகப் பறந்தது. அவர் ரப்பர் விசையில் மேலெழும் சிறு உலங்கூர்தி ஒன்றையும் வடிவமைத்திருந்தார். அவ்வடிவமைப்பைப் பின்பற்றிய பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் இரு மகன்களுக்கு வாங்கி வந்தார். மூத்தவர் வில்பருக்கு வயது 11. இளையவர் ஓர்வில்லுக்கு வயது 7. ஆம், ரைட் உடன்பிறப்புகள்தாம்.

இந்தக் கதையைப் பல மேடைகளில் கேட்டிருப்போம். ஆனால், அங்கே சொல்லாமல் விடுவது அடுத்த பகுதியைத்தான். அந்தப் பொம்மை விரைவிலேயே உடைந்துவிட்டது. பிள்ளைகள் அதைப் போலவே தாங்களே செய்து பார்த்தனர். பிறகு பெரிதாகச் செய்தனர். அளவு பெருகப் பெருக அது பறக்க மறுத்தது. ஏன் என்று அப்போது அவர்களுக்கு விளங்கவில்லை. நீள அகல உயரங்களை இரண்டு மடங்காக்கினால் இயக்குவதற்கு எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்ததாக அவர்களே 1908இல் எழுதியிருக்கிறார்கள்.

வாங்கிய பொம்மை அவர்களுக்கு ஆசையை ஊட்டியது. கையால் செய்து, அது பறக்க மறுத்தபோதுதான் கேள்வி பிறந்தது. நம் ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் இதே கணக்கைக் கொடுக்கலாம். பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பளவு நான்கு மடங்கு; கனஅளவு எட்டு மடங்கு. எடை கனஅளவைப் பின்பற்றுகிறது. தூக்கிப் பிடிக்கும் இறக்கையோ பரப்பளவையே பின்பற்றுகிறது. பாடநூலில் இருக்கும் கனஅளவுக் கணக்கு ஒரு மாணவனுக்கு உண்மையாகவே தேவைப்படும் இடம் இது.

பெட்டித் தொகுப்பும் வரைபடமும்

புதிதாகத் தொடங்குவோர்க்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பெட்டித் தொகுப்பு. விலாக்களும் சட்டகத் துண்டுகளும் வெட்டப்பட்டே வரும். குச்சிகள், கம்பிகள், முழு அளவு வரைபடம், வழிகாட்டிக் கையேடு ஆகியவை உள்ளே இருக்கும். பசை, மேலுறை, மின்னோடி, வானொலிக் கருவிகள் ஆகியவை பெரும்பாலும் இரா. வாங்குவதற்கு முன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். இல்லையேல், பெட்டியின் விலையைப் போல இன்னொரு மடங்கு பிறகு செலவாகும்.

மற்றொன்று, வரைபடத்தைக் கொண்டு எல்லாவற்றையும் தானே வெட்டிக் கட்டுவது. பழைய மாதிரி வானூர்தி இதழ்களில் வெளிவந்த வரைபடங்கள் அவுட்டர்சோன் போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. நுரை அட்டையில் செய்யும் எளிய வானூர்திகளுக்கு ஃபிளைட் டெஸ்ட் குழுவினர் இலவச வரைபடங்களை வழங்குகின்றனர்.

வரைபடத்தை அச்சிடும்போது ஒரு கவனம் தேவை. அச்சுக்கடையில் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கிவிடுவார்கள். 'நூறு விழுக்காடு அளவில் அச்சிடுங்கள்' என்று கேளுங்கள். கையில் வாங்கியதும், அளவு குறிக்கப்பட்ட ஒரு கோட்டை அளவுகோலால் அளந்து பாருங்கள். இதை மாணவனே செய்யட்டும். நான்கு விழுக்காடு சுருங்கிய வரைபடத்தில் 3 மில்லிமீட்டர் பலகை அதற்குரிய வெட்டில் நுழையாது.

கட்டும் முறை எளிது. குண்டூசி இறங்கும் மென்மையான, சமமான பலகை ஒன்றின்மேல் வரைபடத்தை விரிக்க வேண்டும். பசை ஒட்டாமல் இருக்க அதன்மேல் மெழுகுத்தாளோ நெகிழித்தாளோ பரப்ப வேண்டும். வரைபடத்தில் உள்ள கோட்டின்மேலேயே குச்சியை வைத்து, குண்டூசியால் பிடித்து, ஒட்டிக்கொண்டே போக வேண்டும். இறக்கையின் நீளத்திற்கு ஓடும் சட்டம், அதன்மேல் வரிசையாக விலாக்கள், முன்விளிம்பு, பின்விளிம்பு என்று எலும்புக்கூடு உருவாகும். பலகை வளைந்திருந்தால் இறக்கையும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை ஒரு பக்கமாகவே இழுக்கும். ஆகவே, முதல் வேலை பலகையைச் சரிபார்ப்பதுதான்.

பால்சா மரத்தைப் பற்றி ஒரு சொல்

மாதிரி வானூர்திக்குப் பெரிதும் பயன்படுவது பால்சா மரம். தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலிருந்தே பெரும்பகுதி வருகிறது. ஒரு கனமீட்டர் பால்சா ஏறக்குறைய 160 கிலோகிராம் இருக்கும். நம் நாட்டு ரப்பர் மரமோ ஏறக்குறைய 600 கிலோகிராம். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எடைதான்.

ஆனால், எல்லாப் பால்சாவும் ஒன்றல்ல. 100 மில்லிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள இரண்டு தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தராசில் வைத்தால் ஒன்று 30 கிராமும் மற்றொன்று 50 கிராமும் காட்டக்கூடும். இலேசானதை வாலுக்கும், கனமானதை வலிமை வேண்டிய சட்டத்திற்கும் ஒதுக்க வேண்டும். எங்கள் குழுவில் புதிய மாணவருக்குக் கொடுக்கும் முதல் வேலை கத்தி பிடிப்பது அன்று. தகடுகளை நிறுத்து, எடையைப் பென்சிலால் அவற்றின் ஓரத்திலேயே எழுதுவதுதான்.

நான்கு படிகள்

நேராக வானொலிக் கட்டுப்பாட்டுக்குத் தாவ வேண்டாம். கட்டியது முதல் நாளிலேயே நொறுங்குமே என்ற அச்சத்திற்கு என் விடை இந்தப் படிகள்தாம்.

முதல் படி, கையால் எறியும் மிதவை வானூர்தி. ஒரே ஒரு பால்சாத் தகடு போதும். இறக்கையின் இரு பாதிகளையும் நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்து ஒட்ட வேண்டும். அந்த வளைவுதான் சாய்ந்த வானூர்தியைத் திரும்ப நிமிர்த்தும். மூக்கில் களிமண் வைத்து எடையைச் சரிசெய்ய வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரு விரல்களால் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும். அதுவே ஈர்ப்பு மையம். எறிந்ததும் மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்தால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண் வேண்டும். நேராகக் குத்தி விழுந்தால் களிமண்ணைக் குறைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனனம் செய்ய வைக்கிறோமே, அந்த மூன்றும் இங்கே திடலில் கண்முன் நிற்கும்.

இரண்டாம் படி, ரப்பர் விசையில் பறப்பது. இங்கே குச்சிகளால் கட்டிய இறக்கையும் மெல்லிய தாள் உறையும் வரும். முறுக்கிய ரப்பர் கொடுக்கும் விசை தொடக்கத்தில் மிகுந்தும் பிறகு குறைந்தும் வருவதை மாணவர் காண்பர். இந்த இடத்தில் நான் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்வதுண்டு. இந்த ரப்பர் நூல் பால்மரத்திலிருந்து வருவது. உங்கள் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் விடியற்காலையில் சீவிய அதே மரம். தோட்டத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கும் அச்சொல் எங்கோ சென்று தைக்கிறது. முறுக்குவதை நிறுத்திவிட்டு நூலைப் பார்க்கிறார்கள்.

மூன்றாம் படி, நுரை அட்டையில் கட்டிய வானொலிக் கட்டுப்பாட்டு வானூர்தி. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் வடிவமாக இருக்கட்டும். மூன்று கட்டுப்பாடுகள் போதும்: மின்னோடியின் வேகம், இடவலம் திருப்பும் சுக்கான், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல். அனுப்பி, வாங்கி, வேகக் கட்டுப்படுத்தி, மின்னோடி, மடல்களை அசைக்கும் இரண்டு சிறிய செர்வோக்கள், மின்கலன் ஆகியவையே உள்ளே வேண்டியவை. ஒரு செர்வோ 9 கிராம்தான் இருக்கும். ஓட்டுவதில் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வானூர்தி நம்மை நோக்கி வரும்போது அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம் ஆகிவிடும். கணினியில் பறத்தல் பயிற்சி மென்பொருளைக்கொண்டு சில வாரம் பழகினால் இந்தத் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

நான்காம் படி, பால்சாவில் கட்டும் முழுமையான பயிற்சி வானூர்தி. முதல் மூன்று படிகளைக் கடந்தவர்க்கு இது அச்சம் தராது. தொடக்கப்பள்ளியில் இதை எட்டாவிட்டாலும் குறையில்லை. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் தொடரட்டும்.

வரைபடமும் ஒரு வாசிப்புப் பனுவல்தான்

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. வேலை இருக்கிறது.

வரைபடத்தில் வானூர்தியை மேலிருந்து பார்த்த தோற்றம், பக்கத் தோற்றம், குறுக்குவெட்டுத் தோற்றம் என்று தனித்தனியாக இருக்கும். மூன்றையும் மனத்தில் சேர்த்து ஒரு பொருளாகக் காண வேண்டும். இது வாசிப்புதான். ஒரு சொல்லை விட்டுவிட்டால் கதை புரியாது. வரைபடத்தில் ஒரு கோட்டை விட்டுவிட்டால் இறக்கை பொருந்தாது. வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கத் தயங்கும் மாணவர் ஒருவர், விலாக்களுக்கு எண்ணிட்டு வரிசைப்படுத்தும் வேலையில் மற்றவர்களின் பிழைகளைச் சுட்டிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாசிக்கத் தெரியாதவர் அல்லர். வாசிப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆகவே, எங்கள் குழு மாணவர்கள் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்டுகின்றனர். விலா, சுக்கான், முன்விளிம்பு, பின்விளிம்பு, வால் மடல், உடற்சட்டம். இவற்றில் சில முன்பே உள்ள சொற்கள். சில அவர்கள் ஆக்கியவை. 'இதை இங்கே ஒட்டு' என்ற பேச்சிலிருந்து, 'மூன்றாம் விலாவின் பின்முனையைப் பின்விளிம்பின் பள்ளத்தில் பொருத்துக' என்று எழுதும் நிலைக்கு வருகிறார்கள். செயல்முறை விளக்கம் எழுதக் கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. எழுதியது தெளிவாக இல்லையென்றால் அடுத்த ஆண்டு மாணவன் தவறாக ஒட்டிவிடுவான். மதிப்பெண் குறைவதைவிட அது வலுவான திருத்தம்.

யாருடைய கை?

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு, பிள்ளையின் திறமைக்குச் சான்று தேடும் பெற்றோரின் கவனம் போட்டிகளின் பக்கம் மிகுதியாகத் திரும்பியிருப்பதைக் காண்கிறேன். புத்தாக்கப் போட்டி, அறிவியல் விழா, இயந்திர மனிதப் போட்டி என்று பல நடைபெறுகின்றன. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதக்கங்களோடு திரும்புகிறார்கள். மகிழ்ச்சிதான். அவர்களில் பலர் உழைத்தே வென்றவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், சில மேசைகளின்முன் நின்று பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு போட்டியில் நடுவராக இருந்தபோது, மிக நேர்த்தியான மாதிரி ஒன்றைக் காட்டி, "இந்தக் கம்பி எதற்கு?" என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். அப்பிள்ளை விளக்கத்தை அழகாக ஒப்புவித்தவர். அந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்லாமல் தம் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அப்பிள்ளையிடம் எந்தத் தவறும் இல்லை. அறுத்ததும் ஒட்டியதும் வண்ணம் பூசியதும் பெரியவர்களின் கைகள். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மனனம் செய்வது.

இதனால் அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறார்? தாம் செய்வது போதாது, பெரியவர் செய்தால்தான் பரிசு கிடைக்கும் என்பதையே கற்றுக்கொள்கிறார். பதக்கம் அலமாரியில் இருக்கும். அந்தப் பாடம் மனத்தில் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே நாமே பிள்ளைகளுக்கு ஏட்டுச் சுரைக்காயை விளைவித்துக் கொடுக்கலாமா?

மாதிரி வானூர்தியை நான் விரும்புவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். நடுவரை மயக்கலாம், காற்றை மயக்க முடியாது. எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் ஈர்ப்பு மையம் பின்னால் இருந்தால் வானூர்தி விழும். கோணலாக, பசை வழிய, தாள் சுருங்கிக் கட்டிய ஒன்று எடையும் சமநிலையும் சரியாக இருந்தால் பறக்கும். அதைக் கட்டியவன் முதல் வகுப்பில் இருப்பவனா, கடைசி வகுப்பில் இருப்பவனா என்று காற்று கேட்பதில்லை.

ஆகவே, எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். பெரியவர் பிடித்துக்கொள்ளலாம்; காட்டிக் கொடுக்கலாம்; தனியாக ஒரு துண்டில் வெட்டிக் காட்டலாம். மாணவனின் வானூர்தியில் பெரியவரின் கத்தி படக்கூடாது. இவ்விதியைக் கடைப்பிடிப்பதில் பெற்றோர்க்கே சிரமம். ஒரு தாயார், "அவன் வெட்டியது கோணலாக இருக்கிறதே சார், நான் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கலாமா?" என்று கேட்டார். "கோணல் இருந்தால் வானூர்தியே சொல்லும் அம்மா. நாம் சொல்ல வேண்டாம்" என்றேன். மூன்று வாரம் கழித்து அந்த மாணவன் அதே துண்டைத் தானே பிரித்தெடுத்து மறுபடியும் வெட்டினான்.

பாதுகாப்பும் சட்டமும்

விதி அப்படியென்றால் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான் கை வழுக்கும். உலோக அளவுகோலை ஒட்டியே வெட்ட வேண்டும். பிடிக்கும் கை ஒருபோதும் வெட்டும் பாதையில் இருக்கக்கூடாது. நொடியில் பிடிக்கும் பசை விரலையும் இமையையும் ஒட்டிவிடும். தொடக்கப்பள்ளி மாணவர்க்கு வெள்ளை மரப்பசையே போதும். காய நேரம் எடுக்கும். அந்தக் காத்திருப்பும் நல்லதே.

லித்தியம் பாலிமர் மின்கலனைப் பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டாம். அதற்கே உரிய மின்னேற்றியில்தான் மின்னேற்ற வேண்டும். ஆளில்லாத இடத்தில் மின்னேற்றக்கூடாது. உப்பிய மின்கலனை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. மின்னோடியைச் சோதிக்கும்போது சுழல்விசிறியைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் விசிறி விரலை ஆழமாக வெட்டிவிடும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2018 முதல் இயங்கிவரும் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையம் ஆளில்லா வானூர்திகளுக்குரிய விதிகளைச் செயற்படுத்துகிறது. விமான நிலையங்களுக்கு அருகிலோ 400 அடிக்கு மேலோ அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாது. சிங்கப்பூரில் வாழும் வாசகர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 250 கிராமுக்கு மேற்பட்டவற்றை 2020 முதல் பதிவு செய்ய வேண்டும். வானொலிக் கட்டுப்பாட்டு வானூர்தியை முதன்முதல் பறக்கவிடும் முன் அனுபவமுள்ள ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். மின்கம்பி, சாலை, மக்கள் கூட்டம் ஆகியவை அருகில் இல்லாத திறந்த வெளியாக இருக்க வேண்டும். பள்ளித் திடல் பெரும்பாலும் போதாது. முதல் இரண்டு படிகளுக்குத் திடலும் மண்டபமுமே போதும் என்பது அவற்றின் இன்னொரு சிறப்பு.

செலவைப் பற்றி

சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கு இது கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். முதல் படிக்கு ஒரு மாணவருக்குச் சில ரிங்கிட்தான் ஆகும். பால்சா கிடைக்காவிட்டால் நுரைத் தட்டுகளிலும் மிதவை வானூர்தி செய்யலாம். மூன்றாம் படிக்குக் கருவிகள் வாங்கச் சில நூறு ரிங்கிட் தேவைப்படும். ஆனால், பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கத் தேவையில்லை. இன்றைய அனுப்பிகள் பலவும் பல வானூர்திகளின் அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும். மின்னோடியையும் செர்வோக்களையும் ஒரு வானூர்தியிலிருந்து கழற்றி மற்றொன்றில் பொருத்தலாம். ஒரு தொகுதிக் கருவிகளைக்கொண்டு ஆறு மாணவர் கட்டிய ஆறு வானூர்திகளை முறைவைத்துப் பறக்கவிடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம்வைத்தால் போதும். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக வாங்கி உடைக்கும் ஆயத்த வானூர்திகளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் இது குறைவாகவே இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

நான்காம் ஆண்டு முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடம் இருக்கிறது. புறப்பாட நடவடிக்கைக்கு நேரம் இருக்கிறது. நம் நாட்டு மலாய்க்காரர்கள் மூங்கிலை வளைத்து, தாள் ஒட்டி, சமநிலை பார்த்துக் கட்டும் வாவ் காற்றாடி மலேசிய விமான நிறுவனத்தின் சின்னத்திலேயே இருக்கிறது. கட்டிப் பறக்கவிடும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதன்று. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை கோணலாக வெட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பொறுமை.

ஆசிரியர்களே, ஆறு மாணவர்களைக்கொண்டு முதல் படியைத் தொடங்குங்கள். போட்டிக்காகத் தொடங்க வேண்டாம். முதல் ஆண்டில் எந்தப் போட்டிக்கும் அனுப்பவே வேண்டாம். எத்தனை வினாடி பறந்தது என்று ஒவ்வொரு வாரமும் அவர்களே எழுதி வைக்கட்டும். அந்தக் குறிப்பேடே சான்றிதழ்.

பெற்றோர்களே, வரும் விடுமுறையில் பிள்ளை வானூர்தி கேட்டால் ஒரு பால்சாத் தகடு, ஓர் அளவுகோல், ஒரு கத்தி, ஒரு குப்பி மரப்பசை ஆகியவற்றை வாங்கி மேசையில் வையுங்கள். அருகில் உட்காருங்கள். கத்தி கையை வெட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் கைவைக்காதீர்கள். முதலாவது பறக்காது. இரண்டாவதும் பறக்காமல் போகலாம். அப்போது, "நான் செய்து தருகிறேன்" என்று சொல்லாமல், "ஏன் பறக்கவில்லை என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.